பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு அறிவியல் பட்டறை: கிட் வாங்கவா, காயலான் கடைக்குப் போகவா?

பாலாற்றுமணல் | பேரணாம்பட்டு | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பேரணாம்பட்டுக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது. சமுதாயக் கூடத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்காகத் திறந்துவிடத் தலைவர் ஒத்துக்கொண்டார். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் வரை வருவார்கள். பெரும்பாலான வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறார்; அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டியில் விடிவதற்குள் ஏறிப் போய்விடுகிறார். பாதிப் பிள்ளைகள் வீட்டில் உருது பேசுகிறவர்கள்.

அறிவியல் புத்தகத்தில் இருப்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும், அப்புறம் தங்களுக்கு வேண்டிய ஒரு பொருளைத் தாங்களே யோசித்து உருவாக்க வேண்டும். இதுதான் திட்டம். டியூஷன் கிடையாது.

துபாயில் இருக்கும் நண்பர் நாற்பதாயிரம் தருகிறார். அந்தக் காசு வந்ததும்தான் எங்கள் மூன்று பேருக்குள்ளேயே சண்டை. ஒருவர் ரோபோட்டிக்ஸ் கிட் வாங்கலாம் என்கிறார். ஒரு கம்பெனி கொட்டேஷனும் அனுப்பிவிட்டது, ஐந்து கிட் வரும். இன்னொருவர் பைசா செலவில்லாமல் காயலான் கடைச் சாமானிலேயே எல்லாம் செய்யலாம் என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளோடு இப்படி ஏதாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிரெட்போர்டு | காட்பாடி

கிட் வாங்குங்கள் சார், யோசிக்கவே யோசிக்காதீர்கள். காசுள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே சென்சாரை வைத்து விளையாடுகிறது. நம் பிள்ளைக்கு மட்டும் தீக்குச்சி, ஸ்ட்ரா, பழைய பாட்டிலா? ஏழைக்கென்று தனியாக ஒரு அறிவியல் இருக்கிறதா?

நான் கல்லூரிக்கு வந்துதான் முதன்முதலில் ஒரு எல்.இ.டி.யைக் கையில் தொட்டேன். கூடப் படித்த சென்னைப் பையன்கள் எட்டாவதிலேயே ஆர்டுயினோ என்கிற சின்ன எலக்ட்ரானிக் போர்டில் புரோகிராம் எழுதியவர்கள். முதல் செமஸ்டர் லேபில் அவர்கள் பேசுவதே புரியாமல் நின்றிருக்கிறேன். மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வாகும் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை தருகிறார்கள், முப்பரிமாண பிரிண்டர் வரைக்கும் வாங்கலாம். அது கிடைக்காத பள்ளிப் பிள்ளைகளுக்குத்தானே நீங்கள் செய்யப் போகிறீர்கள்? அவர்களுக்குக் குப்பையைக் கொடுக்காதீர்கள்.

ஆறாவதுபீரியட் | அணைக்கட்டு

தம்பி பிரெட்போர்டு, உங்கள் கோபம் நியாயம்தான். நான் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை. கிட்டின் கதை எனக்கு நன்றாகத் தெரியும், கேளுங்கள்.

முன்பு வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளிக்குக் கண்ணாடிப் பட்டகம், காந்தம், மின்சுற்றுப் பலகை எல்லாம் நல்ல தரத்தில் வந்து இறங்கின. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றினோம், அதோடு சரி. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோ சாவி தலைமை ஆசிரியரின் கையை விட்டு வரவே இல்லை. அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அடுக்குவோம். சாயங்காலம் பழையபடி பீரோவுக்குள். பட்டகத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

முப்பது பேருக்கு ஐந்து கிட் என்றால் குழுவுக்கு ஆறு பேர். ஒரு சுறுசுறுப்பான பையன் செய்வான், இன்னொருவன் எடுத்துக் கொடுப்பான், மற்ற நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அந்த எட்டிப் பார்க்கிறவர்களில் பெண் பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். எந்த வகுப்பில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற தமிழக அரசின் செய்முறை அறிவியல் திட்டம் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் வருகிறார்கள். பையில் பலூன், மெழுகுவத்தி, ஸ்ட்ரா, காகிதம் மாதிரி சாமான்கள்தான் அதிகம். உடைந்தால் உடையட்டும் என்று பிள்ளைகள் கையில் கொடுக்க முடிகிறது. ஆனால் ஒரே ஆள் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும், பாதியில் மணி அடித்துவிடும். உங்கள் பக்கத்துக் கருத்தாளரைப் பிடித்துப் பேசுங்கள். பள்ளியில் பாதியில் நின்றது ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் தொடரட்டும்.

அப்புறம், குப்பையில் செய்வது கேவலம் என்று நினைக்க வேண்டாம். குப்பையில் அறிவியல் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தா ஐஐடி கான்பூரில் படித்தவர். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கம் 1972-ல் பதினாறு கிராமப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கினார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து முக்கோணம், கனசதுரம் எல்லாம் செய்ய வைத்தார். தீக்குச்சிச் சதுரத்தை ஒரு விரலால் அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. ஹைடென்ஷன் டவரில் ஏன் அத்தனை முக்கோணம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லும். அவருடைய இணையதளத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

காயில்கட்டி | வேலூர், சைதாப்பேட்டை

நான் படித்தவன் இல்லை, மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிட்டே இல்லாமல் மோட்டார் செய்கிற வழியைச் சொல்கிறேன்.

ஒரு பெரிய டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், ரப்பர் பேண்ட், இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குக் காயில் கம்பி. கம்பியைச் செல்லின்மேலேயே பத்துச் சுற்று சுற்றிக் கழற்றினால் வளையம் ஆயிற்று. இரண்டு முனையும் எதிரெதிர்ப் பக்கமாக நேராக நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஊக்குகளைச் செல்லின் இரண்டு தலையிலும் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, அந்த ஊக்கின் ஓட்டைகளில் முனைகளை நுழைத்து வளையத்தைத் தொங்க விடுங்கள். வளையத்துக்குக் கீழே செல்லின் மேல் காந்தம். விரலால் லேசாகத் தட்டிவிட்டால் சுற்றும்.

சுற்றும் என்று சொன்னேனே தவிர, முதல் தடவை பாதிப் பேருடையது சுற்றாது. காயில் கம்பி பார்க்கப் பளபளவென்று வெறும் செம்பு மாதிரி இருக்கும், ஆனால் மேலே எனாமல் பூச்சு இருக்கிறது. சுரண்டினால்தான் கரண்ட் ஏறும். அதிலும் ஒரு முனையை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறு முனையைப் பாதி மட்டும். வளையத்தை நிமிர்த்திப் பிடித்து, முனையை மேசைமேல் வைத்து, மேல்பக்கம் மட்டும் தேய்க்க வேண்டும். அப்போதுதான் அரைச் சுற்றுக்குக் கரண்ட் ஏறித் தள்ளும், அடுத்த அரைச் சுற்றுக்குக் கரண்ட் நின்று, வந்த வேகத்திலேயே திரும்பி வரும்.

கடைக்கு வருகிற பையன்களிடம் நான் இதை முதலிலேயே சொல்வதில்லை. ‘ஏன் அண்ணா சுத்தல?’ என்று வந்து நிற்பான். எரிந்துபோன மோட்டார் காயில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுப்பேன். பூச்சு கருகிவிட்டால் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகி மோட்டார் காலி. அதைப் பார்த்ததும் பூச்சு எதற்கு இருக்கிறது என்று பிடித்துக்கொள்வான், திரும்பிப் போய்த் தன் கம்பியைச் சுரண்டுவான்.

துண்டுக் கம்பி என்னிடம் வேண்டிய அளவு இருக்கிறது, காசு வேண்டாம். வளையம் நின்றுபோனால் உடனே கழற்றிவிடச் சொல்லுங்கள், செல் சூடாகிவிடும்.

கேள்விக்குறி | திருப்பத்தூர்

இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டினால் என்ன ஆகும் அண்ணா?

காயில்கட்டி

அரைச் சுற்று முன்னே தள்ளும், அடுத்த அரைச் சுற்று பின்னே இழுக்கும். ஆடி ஆடி நின்றுவிடும். மிக்ஸி மோட்டாரில் கரண்டைத் திருப்பிவிடுகிற கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் எதற்கு என்று அப்போது கேளுங்கள், பிள்ளைகளே சொல்லும்.

நீரில்லாஆறு | ஆற்காடு

எல்லாரும் குஷியாக இருக்கிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்தார், போராட்டம் நடந்தது, 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைத் தூக்கிப் போட்டார். ‘கைத்தொழில்’, ‘செய்து கற்றல்’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்னும் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் களிமண் பிசைவதும் தோல் தைப்பதும் சம்மர் கேம்ப். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறிவிடும். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், கூலிக்குப் போகிறவர் பிள்ளையின் கையில் அதே தோலைக் கொடுத்தால் அதற்கு அர்த்தமே வேறு. எங்கள் தெருவில் ஒரு அம்மா ஒரு தொண்டு நிறுவனத்து ஆளிடம் கேட்டார்: “நான் விரல் தேயத் தேய பீடி சுத்தறது எதுக்கு? இவன் பேனா புடிக்கணும்னுதானே? நீங்க மறுபடியும் கையில கத்திரிக்கோலக் குடுக்கறீங்களே?” அந்த ஆள் சிரித்து மழுப்பிவிட்டுப் போனார். உங்களிடம் பதில் இருக்கிறதா?

பாலாற்றுமணல்

கிட்டா குப்பையா என்று கேட்க வந்தேன். நீங்கள் அதைவிடப் பெரிய கேள்வியைப் போட்டுவிட்டீர்கள். எங்கள் ஊரிலும் இதைக் கேட்கிற அம்மாக்கள் இருப்பார்கள். பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கட்டிங்செக்‌ஷன் | ஆம்பூர்

நான் ஷூ கம்பெனி ஆள். என் பிள்ளை கட்டிங் டேபிளுக்கு வரவே கூடாது என்று நினைக்கிறவன். அதனால் நீரில்லாஆறு அண்ணன் கட்சி. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

தோல் எங்களுக்குச் சதுர அடிக் கணக்கில் வரும். அது துணி மாதிரி ஒரே சீராக இருக்காது. முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு, இழுத்தால் நீளும். நடுவில் மாட்டை முள் கிழித்த தழும்பு இருக்கும். ஷூவின் முன்பக்கத் துண்டு நல்ல முதுகுத் தோலில்தான் வர வேண்டும். ஷூவின் நாக்கு வயிற்றுப் பக்கத்தில் வந்தாலும் பரவாயில்லை. நடக்கும்போது நீளாமல் இருக்க எந்தத் துண்டை எந்தத் திசையில் போடுவது, வலதுக்குப் பக்கத்தில் இடதைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு மிச்சமாகும், இதையெல்லாம் டையை, அதாவது வெட்டும் அச்சை, கையில் வைத்துக்கொண்டே கண்ணால் கணக்குப் போடுகிற ஆட்கள் எங்கள் செக்‌ஷனில் இருக்கிறார்கள். பத்தாவது தாண்டாதவர்கள். இப்போது இதே வேலையைக் கம்ப்யூட்டரும் செய்கிறது. அந்த சாப்ட்வேர் எழுதியவன் போடுவதும் இவர் போடுவதும் ஒரே கணக்குதான். அவனுக்கு அது கணக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள், இவருக்கு யாரும் சொல்லவில்லை. சம்பளத்தில் இருக்கிற வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகளுக்குத் தர வேண்டியது அந்தக் கணக்கை. தோலைத் தர வேண்டாம், கத்திரிக்கோலும் வேண்டாம். பீடி இலை வெட்டும்போது மேலே வைக்கிற தகர அளவு எல்லா வீட்டிலும் கிடக்கும். அதே அளவுக்கு ஒரு அட்டை வெட்டிக் கொடுத்துவிடுங்கள். பெரிய இலை வடிவத்தைப் பழைய பேப்பரில் வரைந்து, அதற்குள் இந்த அட்டையை எத்தனை தடவை அடக்க முடியும் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை நேராக அடுக்கும், இன்னொன்று சாய்த்து அடுக்கும். யாருக்கு அதிகம் வந்தது, ஏன்? மிச்சம் விழுந்த இடத்தைக் கட்டம் போட்டு எண்ணினால் எத்தனை சதவீதம் வீண்? என் மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இதைப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் அம்மா எட்டிப் பார்த்து, “காம்பு பக்கம் திருப்பி வையேன், இன்னொண்ணு வரும்” என்றாள். வந்தது. மகள் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இன்னொரு எச்சரிக்கை. கம்பெனியில் தோல் வெட்டுத்துண்டு சும்மா கிடைக்கும் என்று யாராவது மூட்டை கட்டிக் கொடுப்பார்கள். ஷூ தோல் பெரும்பாலும் குரோம் போட்டுப் பதனிட்டது. அதை எரிக்கக் கூடாது, தேய்த்துத் தூளாக்கவும் கூடாது. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எது நடக்கும் என்று சொல்ல முடியாது, வாங்காமல் இருப்பதே நல்லது.

நீரில்லாஆறு

கட்டிங்செக்‌ஷன் தம்பி, இது சரியாகப் படுகிறது. பேனாவையும் வைத்தாயிற்று, கையையும் வைத்தாயிற்று.

அப்படியென்றால் எனக்கு இரண்டு நிபந்தனை. வரைந்தது, எண்ணியது, தப்பாய்ப் போனது எல்லாம் ஒரு நோட்டில் இருக்க வேண்டும், அந்த நோட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அம்மா பார்க்க வேண்டியது நோட்டைத்தான். இரண்டாவது, பீடி இலை, தூள் எதுவும் அந்தக் கூடத்துக்குள் வரக் கூடாது, வேடிக்கை காட்டவும் கூடாது. அந்தக் காட்டத்தில் பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையாவது அது இல்லாமல் இருக்கட்டும்.

நெறியாளர்

ரோபோட்டிக்ஸ் கிட் விற்கும் நிறுவனத்தின் விளம்பரப் பதிவு ஒன்று நீக்கப்பட்டது. இழை தொடரலாம்.

கரிகிரிரோடு | காட்பாடி

நான் பிசியோதெரபிஸ்ட். வடிவமைப்பு பக்கம் மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் மோட்டாரில் எல்லாரும் குறியாக இருக்கிறீர்கள்.

பிள்ளைகளை உட்கார வைத்து ‘ஒரு பிரச்சினை சொல்லுங்கள், தீர்வு கண்டுபிடிப்போம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். தானாகத் திறக்கும் குப்பைத் தொட்டி, பார்வையற்றவருக்கு ஸ்மார்ட் ஸ்டிக் என்று யூடியூபில் பார்த்ததைத்தான் சொல்வார்கள். எந்த மாவட்டக் கண்காட்சிக்குப் போனாலும் அந்த ஸ்டிக் இருக்கும். அதைச் செய்த பிள்ளையிடம், பார்வையற்ற ஒருவரிடம் பேசிப் பார்த்தாயா என்று கேட்டால் முழிக்கும்.

நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கால் புண் மட்டும் ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. நோய் காலைத் தின்கிறது என்றுதான் ஊரே நம்பியது. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து புண்ணாகிறது என்று பிராண்டும் கூட இருந்தவர்களும் கண்டார்கள். நமக்கு வலித்தால் நம்மை அறியாமலே காலை மாற்றி ஊன்றுவோம், அந்த நோயாளிகளால் முடியாது. அதற்காகத்தான் உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர் வைத்த செருப்பு. அதில் ஆணி அடிக்க மாட்டார்கள், ஏறினாலும் தெரியாதே. வேலூரிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் எத்தனையோ பேர் அந்தச் செருப்பில் நடந்திருக்கிறார்கள்.

இதைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், செய்து பார்க்க வையுங்கள். காலை நனைத்துப் பழைய செய்தித்தாளில் ஊன்றி, ஈரம் காய்வதற்குள் பென்சிலால் ஓரம் வரையட்டும். சிலருக்கு நடுப்பாதம் பதியாது, சிலருக்கு முழுசாகப் பதியும். ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டு எண்ணினால் பரப்பு கிடைக்கும். 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு பாதமும் சேர்த்து 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 175 கிராம் பாரம். ஒற்றைக் காலில் நின்றால் இரண்டு மடங்கு. குதிகாலை மட்டும் ஊன்றினால்? எட்டாம் வகுப்பு ‘விசையும் அழுத்தமும்’ பாடம் அத்தனையும் அந்தப் பேப்பரில் இருக்கிறது. அடுத்த வாரம் வீட்டிலிருந்து தேய்ந்த செருப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். யாருடையது எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதிலேயே ஒரு காலை போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை, அம்மா பீடி சுற்ற முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அட்டைப் பெட்டியில் முறத்துக்கு ஒரு தாங்கி செய்தாள். அழகாகவே இருந்தது. அம்மா கொஞ்ச நேரத்தில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். பிள்ளைக்கு அழுகை. விசாரித்தால், தாங்கி இருந்தால் காலை மாற்றிப் போட்டு உட்கார முடியவில்லை. நாள் முழுக்க ஒரே மாதிரி உட்கார யாரால் முடியும்? அந்தப் பிள்ளை அதன்பிறகு அம்மா எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை கால் மாற்றுகிறார் என்று குறித்து வைக்க ஆரம்பித்தாள். முழங்கால் போக ஓரத்தில் வளைவாக வெட்டி இரண்டாவது தாங்கி செய்தாள். அதுவும் அம்மாவுக்கு முழுசாகப் பிடிக்கவில்லை, உயரம் போதவில்லையாம். மூன்றாவது செய்துகொண்டிருக்கிறாள்.

பிரெட்போர்டு

இந்த முறத்துத் தாங்கி என் வாயை அடைத்துவிட்டது. ஐந்து கிட் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எலக்ட்ரானிக்ஸை விடமாட்டேன்.

வோல்டேஜ், கரண்ட் அளக்கிற சாதா மல்ட்டிமீட்டர் மூன்று வாங்குங்கள். எல்.இ.டி., கம்பி, செல் மொத்தமாக வாங்குங்கள், எரிந்தால் எரியட்டும். எட்டாவது முடிக்கிற பிள்ளைகளுக்கு ஆர்டுயினோ மாதிரி இரண்டு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, அதை நூலகப் புத்தகம் மாதிரி வீட்டுக்கு எடுத்துப் போக விட வேண்டும். பீரோவில் வைத்தால் நானே வந்து பூட்டை உடைப்பேன்.

முதல் வேலையாக இதைச் செய்யலாம்: 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டர், எல்.இ.டி., இரண்டு ஆணி. ஆணிகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வேண்டும். கேன் தண்ணீரில் எல்.இ.டி. மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது. உப்பு ஒரு சிட்டிகை போட்டால் பளிச்சென்று எரியும். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருக் கிணறு, போர் தண்ணீர் கொண்டுவரட்டும். தோல் ஷாப் பக்கத்துத் தண்ணீரில் எப்படி எரிகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதைப் பேப்பரில் படிப்பது வேறு, டம்ளரில் பார்ப்பது வேறு.

ஆறாவதுபீரியட்

நல்ல சோதனை தம்பி. ஆனால் அது உப்பு எவ்வளவு இருக்கிறது என்றுதான் தோராயமாகக் காட்டும். குரோமியமோ கிருமியோ அதில் தெரியாது. ‘எல்.இ.டி. எரியவில்லை, அதனால் குடிக்கலாம்’ என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிடக் கூடாது. இதையும் அன்றே பேசிவிடுங்கள். பட்டன் செல்லைக் கூடத்துக்குள் விடவே வேண்டாம். தங்கச்சி, தம்பி கூட வரும், விழுங்கினால் உணவுக் குழாயே வெந்துவிடும்.

தம்பி, தங்கச்சி என்றதும் இன்னொன்று. ஞாயிறு காலை என்று வைத்திருக்கிறீர்கள். பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கணக்கு முடியவில்லை என்றால் பெண் பிள்ளை இலை வெட்ட உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சமையல், துணி. பையன்கள் மட்டும் வந்து நிற்பார்கள். முதல் வாரமே வீடு வீடாகப் போய் எத்தனை மணிக்குப் பெண் பிள்ளைகளை அனுப்ப முடியும் என்று அம்மாக்களிடம் கேளுங்கள், அந்த நேரத்தை வையுங்கள். கைக்குழந்தையோடு வந்தாலும் உள்ளே விடுங்கள், ஒரு ஓரத்தில் பாய் போடுங்கள். உருது தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தி கூட இருந்தால் பாதிக் கதவு திறந்துவிடும். சுண்டல் கட்டாயம்.

உச்சிவெயில் | ஆலங்காயம்

வெயிலுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை, அதை ஏன் யாரும் எடுக்கவில்லை?

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் மேல், கடலை அளவு ஓட்டை போட்ட கறுப்புத் தாளை ஒட்டுங்கள். வெளியே வெயிலில் வைத்து, ஒளியைத் திருப்பி இருட்டடித்த கூடத்துக்குள் சுவரில் விழச் செய்யுங்கள். ஓட்டை முக்கோணமாக இருந்தாலும் சுவரில் வட்டம்தான் விழும், அது சூரியனின் பிம்பம். சுவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் வட்டம் 18 அல்லது 19 சென்டிமீட்டர் வரும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதன் குறுக்களவைப் பிள்ளைகளையே வகுத்துப் பார்க்க விடுங்கள். 14 லட்சம் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். சூரியனையோ கண்ணாடியில் தெரியும் சூரியனையோ நேராகப் பார்க்கக் கூடாது, அதில் மட்டும் கறாராக இருங்கள்.

ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி வேலூர்ப் பக்கம், சூரியன் நேர் உச்சியில் நிற்கிற நிழலில்லா நாள் வரும், நண்பகல் 12.17 வாக்கில். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் வரும், அப்போது பரீட்சை, லீவு என்று பிள்ளைகள் சிதறிக் கிடப்பார்கள். ஆகஸ்டில் மேகம் இல்லாமல் இருந்தால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை ஒன்றில் ஜவ்வாது மலை ஏறிக் காவலூர் வானாய்வகத்துக்கு வாருங்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு வரவும். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் இயங்க ஆரம்பித்தது. வானியலாளர் வைணு பாப்பு அதைக் கட்டத் தொடங்கி, 1982-லேயே இறந்துவிட்டார். அந்தப் பெரிய கண்ணாடியைத் தேய்த்து மெருகு போட்டது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்துப் பட்டறையில். எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது, எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை.

பாலாற்றுமணல்

மூன்று பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். கொட்டேஷன் அனுப்பிய கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முதலில் ஆசிரியை சொன்னபடி வீடு வீடாகப் போகிறோம், நேரம் அதன்பிறகுதான் முடிவாகும். ஆரம்பம் பாதத்தடம். அடுத்து அட்டை அடுக்கும் கணக்கு, ஆளுக்கொரு கட்டம் போட்ட நோட்டு. மோட்டார் மூன்றாவது. துபாய் நண்பரிடம் இழையை அனுப்பினேன். பிள்ளைகள் காவலூர் போக வண்டி வாடகையை அவரே தனியாகத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

போர்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

காயில்கட்டி அண்ணா, முப்பது பேருக்கும் காந்தம் எங்கே பிடிப்பது? புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது போலிருக்கிறதே.

காயில்கட்டி

பழைய ஸ்பீக்கரில் வட்டமாகக் காந்தம் இருக்கும், மழையில் நனைந்து போன கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் ஒரு சாக்கு எனக்குத் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கிடக்கிறது. சொல்லி வைக்கிறேன். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் உடைந்துவிடும், கடைக்குக் கொண்டுவாருங்கள், நான் கழற்றித் தருகிறேன். வெள்ளிக்கிழமை கடை லீவு. கம்பி சுரண்டப் பிள்ளைகளிடம் பிளேடு கொடுக்காதீர்கள், உப்புத்தாள் போதும்.